இரண்டு வரிப் பதிலுக்குள் எது தொலைகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரரும் ஊர்வரலாறு சேர்ப்பவர்களும் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழு. முன்பு ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதியவர்கள் இப்போது இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிக்ரொக்கும் ஸ்டேட்டஸும் பழக்கிவிட்ட பழக்கமா இது? குறும்பதிவைத் தடுத்தால் பழைய எழுத்து திரும்பி வருமா?

தடுத்தால் வராது, குழுதான் வெறிச்சோடும். நீளமாக எழுதுகிறவர் குழுவுக்குப் பத்துப்பேர் இருந்தால் பெரிய காரியம். மிச்சப்பேர் கேள்வி கேட்பவர்கள், படம் போடுபவர்கள், "எங்கட பக்கமும் அப்பிடித்தான்" என்று ஒரு சொல் சொல்பவர்கள். அவர்கள் வாய்மூடினால் நீளமாக எழுதுகிறவருக்கு எழுத விசயமே கிடைக்காது. ஆனாலும் கேள்வியில் இருக்கிற கவலை நியாயமானது. குறும்பதிவு நீண்ட எழுத்தைத் தின்கிறது என்பது உண்மை. எந்த வழியால் தின்கிறது என்று தெரிந்தால் மறிக்கலாம்.

நீளம் குறைவதே ஒரு நட்டமில்லை. ஒரே கருத்தை மூன்று தரம் சுற்றிச் சொல்லும் பக்கம் அரைப்பக்கமானால் நல்லதுதான். வெட்டு விழும்போது முதலில் விழுவது எது என்பதுதான் விசயம். விழுவது எப்போது, எங்கே, எவ்வளவு, அப்படி இல்லாவிட்டால் என்ன என்கிற நாலும். இந்த நாலும் போனால் மிஞ்சுவது ஒரு பெயரும் ஒரு தீர்ப்பும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டவைத்துப் பார்ப்போம். காலபோகப் (மாரிமழைப் போகம்) பயிர் கதிர்ப்பருவத்துக்கு வரும் நேரம். ஒருவர் வயல் படத்தைப் போட்டு, "அண்ணை, அறக்கொட்டி விழுந்திட்டுது, என்ன அடிக்கிறது?" என்று கேட்கிறார். படத்தில் வட்டவட்டமாகக் காய்ந்த நெல். ஐந்து நிமிடத்துக்குள் நாலு பதில். நாலும் மருந்துப் பெயர். ஒன்றின் கீழே வரிசையாகப் பெருவிரல்.

அந்த நாலில் ஒன்று சரியான மருந்தாகவே இருக்கட்டும். அறக்கொட்டி என்று ஊரில் சொல்லும் கபிலநிறத் தத்தி இலையில் இருப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் இருந்து சாறு குடிக்கிறது. மேலால் விசிறினால் மருந்து இலையில் தங்கும், பூச்சி அடியில் பத்திரமாக இருக்கும். வரம்பில் நின்று பார்த்தால் காய்ந்த வட்டம் மட்டும் தெரியும். பூச்சியைப் பார்க்க வயலுக்குள் இறங்கி, நாலைந்து இடத்தில் பயிரை விரித்து, தண்டைத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ண வேண்டும். சிலந்தி எவ்வளவு நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தத்தியைத் தின்பது அதுதான். கேட்டவர் முன்னமே எல்லாப் பூச்சியையும் கொல்லும் நாசினி ஒன்றை அடித்திருந்தால் சிலந்தி செத்து, தத்தி பெருகியிருக்கக்கூடும். அவரிடம் இன்னொருதரம் அதையே அடிக்கச் சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. யூரியா கூடப் போட்டதா, ஏக்கருக்கு 2 புசல் விதைக்க வேண்டிய இடத்தில் மூன்றோ நாலோ விதைத்து நெருக்கமாகிவிட்டதா, தண்ணீரைச் சில நாள் வடித்துவிட வசதி உண்டா, அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மருந்து தேவையா என்ற கேள்வியே வரும்.

இதை எழுதினால் கைத்தொலைபேசியில் இரண்டு திரை. மருந்துப் பெயர் ஒரு சொல். கேட்டவருக்கு ஒரு சொல்தான் வசதி, கடைக்குப் போகும் வழியில் வாசித்துவிடலாம். ஆனால் உண்மையான சேதம் கேட்டவருக்கு மட்டும் இல்லை. அந்த இரண்டு திரையை எழுதக்கூடியவர், ஓய்வுபெற்ற ஒரு விவசாயப் போதனாசிரியர் என்று வையுங்கள், இரவு எட்டு மணிக்குக் குழுவைத் திறக்கிறார். கேள்விக்கு நாலு பதில் வந்தாயிற்று, கேட்டவர் "நன்றி அண்ணை" சொல்லியாயிற்று. தீர்ந்துபோன கேள்விக்கு இனி ஏன் எழுதுவான் என்று மூடிவிடுகிறார். இப்படி இரண்டுதரம் நடந்தால், மூன்றாம்தரம் அவர் திறந்து பார்ப்பதும் இல்லை. குறும்பதில் வேகத்தாலேயே கேள்வியை மூடிவிடுகிறது. எழுதுகிறவருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அவருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

இந்தக் குறுமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழுக்கு அது இரட்டிப்பாக விழுந்தது. குறுஞ்செய்தி ஆங்கில எழுத்தில் 160 இடம் கொடுத்தது. 2006இல் வந்த ருவிட்டர் அந்த 160இல் பெயருக்கு 20ஐ ஒதுக்கி 140 வைத்தது. 2017இல் அதை 280 ஆக்கினார்கள். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் யுனிகோட் கணக்கில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதிலும் உயிர்க்குறி ஓர் இடம், புள்ளி ஓர் இடம். "இரணைமடு வான்கதவு திறக்கப்பட்டுள்ளது" (கிளிநொச்சியின் பெரிய குளத்தில் மிகைநீரை விடும் கதவு) என்பது நாம் எண்ணினால் மூன்று சொல், 21 எழுத்து. இயந்திரம் இடைவெளியோடு சேர்த்து 35 இடம் என்று எண்ணும். மூன்று சொல்லுக்கே சரிபாதி முடிந்தது. எத்தனை கதவு, எத்தனை அங்குலம், யார் சொன்னது என்பதற்கு மிச்சம் 35. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று வட்ஸ்அப்பில் அந்தத் தட்டுப்பாடு இல்லை, பேஸ்புக் 60,000 எழுத்துக்கு மேலேயே விடுகிறது. கூடு பெரிதாகிவிட்டது, கை மட்டும் பழைய அளவிலேயே எழுதுகிறது.

தமிழ் வசனத்துக்கு இதனால் நேருகிற ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம்முடைய வசனத்தில் வினை கடைசியில் வரும். யார் சொன்னது, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்பதையும் அந்தக் கடைசி ஒட்டுத்தான் சொல்லும். "கதவு திறக்கப் போகினமாம்" என்பதில் அந்த "ஆம்" ஒன்றே இது காதில் விழுந்த செய்தி என்று காட்டுகிறது. ஒருவர் சுருக்கி "கதவு திறக்கினம்" என்று போடுகிறார். அடுத்தவர் "கதவு திறந்தாச்சு" என்கிறார். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் வினையின் கடைசியை மட்டும் மாற்றினார்கள். கதை நிகழ்ச்சியாகிவிட்டது. அதேபோல "ஆனால்", "என்றபடியால்", "இல்லாவிட்டால்" என்கிற இணைப்புச் சொற்களும் போய், அவை இருந்த இடத்தில் மூன்று புள்ளி வருகிறது. புள்ளிக்குள் என்ன இருந்தது என்று வாசிப்பவர் தன் மனம்போல நிரப்பிக்கொள்வார். நீளமாக எழுதப் பழகியவரே சில மாதம் குறும்பதிவு மட்டும் போட்டுவிட்டு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வசனமும் தனித்தனியாக நிற்பதைக் காண்பார். ஒன்றோடொன்று பிணையாது. திரும்பப் பழகினால் பிணையும்.

அடுத்தது குழுவின் பொறிமுறை. நீண்ட செய்தியை வட்ஸ்அப் மடித்து, "மேலும் வாசிக்க" என்று காட்டும். ஆகவே எல்லோரும் வாசிப்பது மடிப்புக்கு மேலே உள்ளதை மட்டும். பதிலும் அதற்கு மட்டும் வரும். ஒரு செய்தியை இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் எழுதியவர் பெயரும் எழுதிய திகதியும் கூடப் போகாது. 2023 தொடக்கம் திருத்த முடிகிறது என்றாலும் அனுப்பி 15 நிமிடம் வரைதான். புதிதாகச் சேர்பவருக்குப் பொதுவாகப் பழைய உரையாடல் தெரியாது, அதனால் போன வருடம் நன்றாகப் பதில் சொன்ன அதே கேள்வி இந்த வருடமும் வரும். ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் அழிந்துபோகும். இன்னொன்று, நம் பக்கத்தில் பலர் சமூக வலைத்தளப் பொதி மட்டும் போட்டிருக்கிறார்கள். வெளி இணைப்பைத் திறந்தால் வேறு டேற்றா வெட்டுப்படும். "முழுக்கட்டுரை இந்த இணைப்பில்" என்று போட்டால் திறக்காமல் போவதை அக்கறையின்மை என்று எண்ணவேண்டாம்.

குறும்பதிவுதான் சரியான இடங்களும் உண்டு. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் ஓரிரவில் மூடியது. அப்படியான இரவில் ஒருவரும் பந்தி வாசிக்கமாட்டார்கள், வாசிக்கவும் கூடாது. அப்போது ஒரு செய்தியில் ஐந்து விடயம் போதும்: நேரம், இடம், என்ன நடந்தது, யார் சொன்னது, என்ன செய்யவேண்டும். ஒரு மாதிரி:

"திகதி, இரவு 9.40. இரணைமடு. இத்தனை கதவு, இத்தனை அங்குலம். சொன்னவர்: நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகம். பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோகவும்."

இது குறும்பதிவுதான். ஆனால் அந்த ஐந்தும் உள்ளே இருக்கின்றன. வெள்ளம் வடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, எந்த நேரம் எவ்வளவு மழை, கதவு எப்போது திறந்தது, தண்ணீர் எந்த வீதியால் எத்தனை மணிக்கு வந்தது, எந்த மதகு அடைத்தது என்று நீளமாக எழுத ஒருவர் வேண்டும். அந்த எழுத்துக்கு முதல் ஆதாரம், அன்றிரவு நேரத்தோடு போட்ட குறும்பதிவுகள்தான்.

இனி என்ன செய்வது என்று வருவோம்.

ஒன்றை இரண்டாகப் பிரியுங்கள். இப்போதிருக்கும் குழு அரட்டைக்கும் கேள்விக்கும் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் அட்மின்கள் மட்டும் அனுப்பக்கூடிய இன்னொரு குழுவைத் திறந்து, தேறிய நீண்ட பதில்களை மட்டும் அங்கே போடுங்கள். கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் அங்கே ஏறக்கூடாது. நன்றி சொல்பவர்கள் செய்தியின்மேலேயே குறி போட்டால் போதும், கேள்வியும் திருத்தமும் பழைய குழுவில் எழுதட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தொகுப்பு. என் கணிப்பில் முழு விசயத்திலும் அதிக பலன் தருவது இதுதான். கிழமையில் எந்தக் கேள்விக்குப் பத்துக்கு மேல் குறும்பதில் வந்ததோ அதை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாப் பதிலையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றோடொன்று முரண்படுவதைக் கோடிடவும். முரண்பாடு அனேகமாகப் பொய்யால் வருவதில்லை, சொல்லாமல் விட்ட நிபந்தனையால் வருகிறது. ஒரு நெல்லினத்தைப்பற்றி "பிஜி 300 நல்லது" என்று ஒருவர், "சரிவராது" என்று இன்னொருவர். கேட்டுப் பார்த்தால், முதலாமவர் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை நம்பி விதைப்பவர். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கடைசித் தண்ணீருக்குத் திகதி வைத்துவிடுவார்கள், அதற்குள் முடிய வேண்டும். 300 என்பது மூன்று மாத இனம். மற்றவர் காலபோகத்தில் மழையை நம்பி முந்தி விதைப்பவர், அவருக்கு மூன்றரை மாத இனம்தான் கணக்கு. இருவரும் சரி. கோடிட்ட இடங்களில் எழுதியவர்களிடம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தப் போகம், எந்தக் குளம் அல்லது மழை, எவ்வளவு. கிடைத்ததை 400 முதல் 600 சொல்லில் எழுதி, பயிர் விசயமென்றால் விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போடவும். யாருடைய பதிலில் இருந்து எந்தத் தகவல் வந்தது என்று அவர்கள் சம்மதத்தோடு குறிப்பிடவும். இரண்டு சொல் எழுதியவர் தன் சொல் ஒரு முழு எழுத்துக்குள் நிற்பதைப் பார்த்தால் அடுத்தமுறை நாலு வரி எழுதுவார்.

எழுதும் முறையும் மாறவேண்டும். முடிவு முதல் மூன்று வரிக்குள், மடிப்புக்கு மேலே வரட்டும். "தத்தி இருந்தால் உடனே மருந்து வாங்கவேண்டாம், முதலில் தண்டின் அடியைப் பாருங்கள், காரணம் கீழே" என்று தொடங்கினால், அதற்கு மேல் வாசிக்காதவருக்கும் கெடுதல் நடக்காது. பிறகு ஒரு பந்தி 60, 70 சொல்லுக்கு மேல் போகாமல், பந்திக்கு ஒரு விசயம். எண்ணை இலக்கத்தில் அலகோடு எழுதவும்: "கொஞ்சம்" வேண்டாம், "ஏக்கருக்கு இத்தனை கிலோ". ஊர், போகம், மாதம், வருடம், எழுதியவர் பெயர் ஆகியவை செய்தியின் உடம்புக்குள்ளேயே, முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருக்கட்டும், ஏனென்றால் கைமாறும்போது வேறெதுவும் கூடப்போகாது. நேரே குழுவில் அடிக்கவேண்டாம். தனக்குத்தானே அனுப்பும் உரையாடலில் எழுதிவைத்து, ஓர் இரவு கழித்து வாசித்து, பிறகு அனுப்பவும். 15 நிமிடம் கழிந்து பிழையைக் கண்டால் பழைய செய்தி ஏற்கெனவே பத்துக் குழுவில் இருக்கும். "திருத்தம்" என்று தலைப்பிட்டுப் புதிய முழுச் செய்தி போடுவதைவிட வேறு வழி இல்லை.

எட்டுத் துண்டாக வெட்டி 1/8, 2/8 என்று போடுவது கைகொடுக்காது. இடையில் வேறு செய்திகள் புகும், நாலாம் துண்டு மட்டும் தனியே ஊர் சுற்றும், நிபந்தனை சொன்ன ஐந்தாம் துண்டு வீட்டில் இருக்கும். எழுத்தைப் படமாக்கிப் போடுவதும் அப்படித்தான்: லேசில் தேட முடியாது, பிரதி எடுக்க முடியாது, பார்வை குறைந்தவர்களின் வாசிப்புச் செயலி சரியாக வாசிக்காது, நாலு கை மாறியபின் எழுத்தே மங்கிவிடும். கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் உள்ள பழைய கட்டுரைகளைப் போட விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் கனக்க, பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, பின் ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே போடவேண்டும். வருடமும் அளவும் நிற்கிற இடங்களைக் குறிப்பாகப் பார்க்கவேண்டும்.

ஊர்வரலாற்றுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2008, 2009இல் வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது கொப்பி, காணி உறுதி, படம், நாட்குறிப்பு எல்லாம் போயின. மிஞ்சியது ஆட்களின் நினைவு. "எங்கட ஊர் அந்தக் காலத்தில" என்று ஒரு குளக்கட்டுப் படம் போட்டால் நூறு இதயம் விழும், அந்தக் குளத்தின் கீழிருந்த வயல்களின் பெயர்கள் ஒன்றும் எழுத்தில் வராது. கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31 என்று திகதி போட்ட கல், வன்னி அரசன் பண்டாரவன்னியனை வென்றதாக ஆங்கிலேயப் படைக் கப்டன் வொன் டிறிபேர்க் சார்பில் சொன்ன ஒரே வசனம். குறும்பதிவு போலத்தான். தோற்றதாகச் சொல்லப்பட்ட பக்கத்துக் கதையை அந்தக் கல் சொல்லவில்லை, பிறகு வந்தவர்கள்தான் தேடி எழுதவேண்டி வந்தது. இன்றைக்கு அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களின் கதையில் அப்படி ஒரு இடைவெளி விழ விடக்கூடாது.

அவர்களிடம் எழுதச் சொல்லவேண்டாம். வொய்ஸ் போடச் சொல்லுங்கள். "ஊரைப்பற்றிச் சொல்லுங்கோ ஐயா" என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "துருசில இருந்து வாய்க்கால் எந்தப் பக்கத்தால போனது, முதல் வயல் ஆருடையது, அதுக்கு என்ன பெயர்?" என்று ஒரு பாதை கொடுத்தால் பத்து நிமிடம் தாண்டும். விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்று குரல்தட்டச்சு உண்டு, அதில் எழுத்தாக்கலாம். ஊர்ப்பெயர்களையும் துருசு (குளத்து மதகு), வான் (மிகைநீர் வழி), புழுதி விதைப்பு போன்ற சொற்களையும் அது பிழையாக எழுதும், நிறுத்தக்குறி போடாது. கேட்டுக்கொண்டே திருத்தவேண்டும். திருத்தியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள், அப்போதுதான் இரண்டாவது கதை வரும். முடிந்தவற்றை வருடத்துக்கு ஒருதரம் கோப்பாக்கி, குழுவுக்கு வெளியே இரண்டு இடத்திலாவது வைக்கவும். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிச் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தோடு பேசிப் பார்க்கலாம்.

போடும் நேரமும் விளைவைக் காணும் நேரமும் வேறு வேறு. குழுவில் புலம்பெயர்ந்த உறவுகளும் இருந்தால் இரவு 8 மணி நல்லது. குளிர்காலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. அவர்கள் வாசித்து எழுதுவது இங்கே விடியும்போது கிடக்கும். ஆகவே ஒரு நீண்ட பதிவு எடுபட்டதா என்பதை முதல் பத்து நிமிடத்துப் பெருவிரலை வைத்துத் தீர்மானிக்காமல் இரண்டு நாள் பொறுக்கவேண்டும். அந்த இரண்டு நாளில் ஒருவராவது திருத்தமோ மேலதிகக் கேள்வியோ எழுதினாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அடுத்த தடவை போடுமுன் இரண்டு பேரிடம் தனியே சொல்லிவையுங்கள்: வாசித்துவிட்டு, விளங்காத ஓர் இடத்தைப் பெயர்சொல்லிப் பழைய குழுவிலேயே கேட்கவேண்டும் என்று. முதல் கேள்வி விழுந்துவிட்டால் இரண்டாவது தானாக வரும்.

இந்தப் போகத்துக்கே தொடங்குவதென்றால், விதைப்புக்கு முந்திய கிழமையில் வரும் இனத்தெரிவுக் கேள்வியை முதல் தொகுப்பாக எடுங்கள். கனபேர் பதில் சொல்வார்கள், முரண்படுவார்கள், அறுவடை முடிந்ததும் யார் சொன்னது எந்த வயலுக்குப் பொருந்தியது என்று அதே எழுத்துக்குக் கீழே சேர்க்கவும் முடியும்.